சிஎன்சி லேத் டரட்டில் கூலன்ட் அடைப்பு: பம்ப் ஓடுது, டூல்ல தண்ணி வரல

பீளமேடு_டர்னிங்

வணக்கம். மெஷின் 8 இன்ச் சக், ஸ்லான்ட் பெட், 8 ஸ்டேஷன் டரட் (டூல்களை மாட்டிச் சுத்தித் திருப்பற தலை). டூல் பிளாக் டிஸ்க்குல போல்ட் போட்டு உட்கார்ற வகை, விடிஐ (ஷாங்கைச் சொருகற வகை) இல்லை. கன்ட்ரோல் ஃபேனுக். ஓடறது பம்ப்செட்டோட பேரிங் ஹவுசிங், எஃப்ஜி 260 வார்ப்பிரும்பு. டேங்க் 150 லிட்டர், சாலிபுள் ஆயில் (தண்ணியில கலக்கற கூலன்ட் எண்ணெய்) 5 சதவீதம்.

பிரச்சினை: ரெண்டு வாரமா எல்லா ஸ்டேஷன்லயும் தண்ணி குறைஞ்சுட்டே வருது. டி1 (1ம் ஸ்டேஷன் டூல்) ரஃபிங், டி7 குரூவிங் ரெண்டுலயும் நூல் மாதிரி வருது. டி5 22 மி.மீ. யு-ட்ரில், அதுல இன்சர்ட் (மாட்டி எடுக்கற வெட்டு முனை) கருகிப் போகுது. டி3 போரிங் பார்ல சுத்தமா வரல. பம்ப் சத்தம் சாதாரணமாத்தான் இருக்கு, ஓவர்லோட் ட்ரிப் ஆகல. நாசில் எல்லாம் கழட்டிக் கம்பி விட்டுக் குத்தியாச்சு, மாற்றம் இல்லை. டரட் டிஸ்க்கை இறக்கித்தான் பார்க்கணுமா?

ஓசூர்_புரோகிராமர்

டிஸ்க்குல இப்ப கை வைக்காதீங்க. எல்லா ஸ்டேஷன்லயும் குறையுது, ஒண்ணுல மட்டும் சுத்தமா இல்லை. அப்படின்னா இது ரெண்டு தனித்தனிக் கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதல்ல தண்ணி போற வழியை மனசுல போட்டுக்குங்க:

டேங்க், பம்ப், ஓஸ், டரட் ஹவுசிங் இன்லெட், ஹவுசிங் உள்ளே இருக்கிற துளை, ஸ்பிரிங் தள்ளி டிஸ்க்கோட பின்முகத்துல அழுத்திட்டு நிக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் புஷ், டிஸ்க்குல அந்தந்த ஸ்டேஷனுக்கான துளை, டூல் பிளாக், நாசில்.

டிஸ்ட்ரிபியூட்டர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே வழி. அதுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனி வழி. எல்லாத்துலயும் குறைஞ்சா பொது வழியில தேடுங்க, ஒண்ணுல மட்டும் இல்லைன்னா அந்த ஸ்டேஷன்ல தேடுங்க. இது தெரியாம நாசிலைக் குத்திட்டே இருந்தா நாள்தான் போகும்.

அம்பத்தூர்_டூல்ரூம்

பம்ப்பைப் பெருசாக்கிட்டா தீர்ந்துரும் நண்பரே. 0.37 கிலோவாட் போட்டிருந்தா 0.75 போடுங்க. அழுத்தம் கூடினா அடைப்பு தானே தள்ளிட்டுப் போயிடும்.

குறிச்சி_மெயின்டனன்ஸ்

அம்பத்தூர் நண்பர் சொல்றதோட எனக்கு உடன்பாடு இல்லைங்க. வார்ப்புத் தூள் அடைப்பு அழுத்தத்துக்கு நகராது. அது ஈரச் சிமென்ட் மாதிரி, அழுத்த அழுத்த இன்னும் இறுகும். கூடுற அழுத்தம் சீலைத் தாண்டி டிஸ்க்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல கசியும். அங்கிருந்து டரட் ஷாஃப்ட் சீல், அதுக்குள்ள இருக்கிற கப்ளிங், மோட்டார் பக்கம்னு போய்ச் சேரும். கூலன்ட் அடைப்பைச் சரி பண்ணப் போய் டரட்டையே பிரிக்க வேண்டி வரும்.

பீளமேடு தம்பி, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, பம்ப் சுத்துற திசை. போர்டுல வேலை நடந்து ரெண்டு ஃபேஸ் மாறியிருந்தா சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழா சுத்தும். அப்பவும் தண்ணி வரும், ஆனா ரொம்பக் குறைவா வரும். அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. மோட்டார் மூடியில அம்புக்குறி இருக்கும், விசிறியைப் பார்த்து ஒத்துப் பாருங்க.

ரெண்டு, கிளாம்ப் மீட்டர் வெச்சு மோட்டார் கரன்ட். இதுல நிறைய பேர் தப்பா நினைக்கிறாங்க. சென்ட்ரிஃபியூகல் பம்ப்புல வெளியேறும் வழி அடைச்சா கரன்ட் கூடாது, குறையும். பம்ப் தண்ணியை நகர்த்தற வேலை குறையுதில்லையா, அதான். அடைப்பு இருந்தும் ஓவர்லோட் ட்ரிப் ஆகாததுக்குக் காரணம் இதுதான். நேம்பிளேட்ல இருக்கிறதை விட நல்லாக் குறைஞ்ச கரன்ட் காட்டினா ஒண்ணு வெளிவழி அடைப்பு, இல்லைன்னா பம்ப் காத்தை இழுக்குது. (ரீஜெனரேட்டிவ் வகை பம்ப்பா இருந்தா இது நேர் எதிர், அடைச்சா கரன்ட் ஏறும். எந்த வகைன்னு நேம்பிளேட் பார்த்து உறுதி பண்ணிக்குங்க.)

மூணு, டேங்க் மட்டம். பம்ப்போட அடிவாய் தண்ணிக்குள்ள நல்லா முங்கியிருக்கணும். ஸ்டீல் ஸ்கேலை டேங்க் அடி வரைக்கும் விட்டு, கசடு எத்தனை மி.மீ. ஏறியிருக்குன்னும் பாருங்க. கசடு பம்ப் வாயைத் தொட்டுட்டா அது தண்ணியோட சேர்த்து சேற்றையும் இழுக்கும்.

ஓசூர்_புரோகிராமர்

இதோட அளவு எடுங்க. கண்ணால பார்த்து "நூல் மாதிரி", "சொட்டுது"ன்னு சொன்னா ஒண்ணும் தெரியாது. வழி சுலபம்.

நாசிலைக் கழட்டிட்டு அந்த த்ரெட்ல ஒரு ஓஸ் நிப்பிள் மாட்டி, அதுல பிவிசி ட்யூபைச் சொருகி மெஷினுக்குள்ளயே ஒரு பக்கெட்ல விடுங்க. கதவைச் சாத்துங்க. எம்டிஐல (கன்ட்ரோல்ல நேரா கட்டளை தட்டற முறை) இப்படிக் கொடுங்க, டி டூலை அழைக்க, எம்08 கூலன்ட் ஓட, ஜி04 காத்திருக்க, எம்09 கூலன்ட் நிறுத்த:

டி0100;
எம்08;
ஜி04 எக்ஸ்10.;
எம்09;

எக்ஸ்10க்கு அப்புறம் புள்ளி வைக்கணும். புள்ளி இல்லாம விட்டா அது 10 வினாடி இல்லை, கண் இமைக்கிற நேரம்தான். முடிஞ்சதும் கதவைத் திறந்து அளவுக் குடுவையில ஊத்திப் பாருங்க. கதவு ஸ்விட்சை ஏமாத்திட்டு, திறந்து வெச்சு எம்08 போடற பழக்கம் வேண்டாம். டரட் இண்டெக்ஸ் ஆகற (திரும்பற) இடத்துல கை இருக்கக் கூடாது.

டி0100, டி0200னு வரிசையா எல்லா ஸ்டேஷனுக்கும், பயன்படுத்தாத ஸ்டேஷனையும் சேர்த்து எடுங்க. டரட் ஹவுசிங் இன்லெட்ல ஓஸைக் கழட்டி, ஓஸ் முனையில ஒரு அளவு. இந்த ஒரு அளவுதான் பம்ப் பக்கமா டரட் பக்கமான்னு பிரிச்சுச் சொல்லும்.

ஒப்பிட ஒரு கணக்கு: 4 மி.மீ. துளை நாசில்ல 2 பார் அழுத்தம் இருந்தா நிமிஷத்துக்குச் சுமார் 12 லிட்டர், அதாவது 10 வினாடிக்கு 2 லிட்டர். அந்தத் துளை கசடால 2 மி.மீ. ஆயிட்டா பரப்பு நாலுல ஒண்ணு ஆயிடும், தண்ணியும் அதே 10 வினாடிக்கு அரை லிட்டர்தான். விட்டம் பாதியானா தண்ணியும் பாதிதானேன்னு நினைக்கறது தப்பு.

பீளமேடு_டர்னிங்

நன்றிங்கண்ணா. எடுத்த அளவு, எல்லாம் 10 வினாடிக்கு, நாசில் இல்லாம:

இன்லெட் ஓஸ் முனை 5.2 லிட்டர்
டி1 0.7
டி2 (காலி பிளாக்) 0.7
டி3 0
டி5 0.5
டி7 0.8

பம்ப் திசை சரி. மோட்டார் கரன்ட் ஓஸ் திறந்திருக்கும்போது நேம்பிளேட்டுக்குப் பக்கம் வருது, டரட்டோட சேர்ந்து ஓடும்போது நல்லாக் குறையுது. டேங்க்ல கசடு 60 மி.மீ. இருக்கு. இன்னொண்ணு, கூலன்ட் ஓடும்போது டிஸ்க்குக்குப் பின்னாடி, ஹவுசிங் ஓரமா தண்ணி வழியுது. இதை இதுக்கு முன்னாடி கவனிக்கல.

குறிச்சி_மெயின்டனன்ஸ்

அருமை. இதுலயே பதில் இருக்கு. ஓஸ் முனையில 5.2 லிட்டர் வருது, அப்ப பம்ப்பும் ஓஸும் நல்லா இருக்கு. டிஸ்க் தாண்டினா டி3 தவிர எல்லாத்துலயும் அரை லிட்டர்ல இருந்து 0.8 வரைக்கும்தான். பின்னாடி வழியுது. ஹவுசிங் துளை, டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் இந்த ரெண்டுலதான் அடைப்பு. வழியறதைப் பார்த்தா புஷ் உள்ளே போய்ச் சிக்கிட்டு, டிஸ்க்கைத் தொடாம நிக்குது.

டி3 தனிக் கதை. அந்த பிளாக்கைக் கழட்டிட்டு, டிஸ்க் முகத் துளையில இருந்து நேரா அளவு எடுங்க. அங்க மத்த ஸ்டேஷன் அளவுக்கு வந்தா பிளாக்குக்குள்ள அடைப்பு.

கூலன்ட்_லேப்

ஓஸ் பத்தி ஒரு குறிப்பு, இவருக்கு இல்லாட்டியும் இதைப் படிக்கிற வேற யாருக்காவது உதவும். பழைய ரப்பர் ஓஸ்ல உள் படலம் கூலன்ட்ல ஊறி உரிஞ்சு, கதவு மாதிரி மடங்கி நிக்கும். தண்ணி போற திசையில மூடிக்கும், எதிர்த் திசையில காத்து விட்டா திறந்துக்கும். அதனால எதிர்ப்பக்கம் ஊதிப் பார்த்து "ஓஸ் கிளியர்"னு முடிவு பண்ணிடுவாங்க. ஓஸை எப்பவும் தண்ணி போற திசையில, பம்ப்பை வெச்சே சோதிக்கணும்.

சர்வீஸ்_கொங்கு

டிஸ்ட்ரிபியூட்டரை எடுக்கற முறை சொல்றேன். டரட்டுக்கு டரட் அமைப்பு மாறும், மேனுவல்ல வெட்டுப்படம் பார்த்துட்டு ஆரம்பிங்க. இவர் சொல்ற வகையில நிறைய டரட்டுகள்ல ஹவுசிங் பக்கவாட்டுல ஒரு சின்னப் பிளேட் இருக்கும், அதைக் கழட்டினா புஷ் வெளியே வரும், டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பிளேட் இல்லாம டிஸ்க்குக்குப் பின்னாடி மட்டுமே வழி இருக்கிற டரட்டும் உண்டு.

டரட்டை ஹோமுக்குக் கொண்டு போய், சக்குக்கு நல்லா தள்ளி நிறுத்துங்க. எமர்ஜென்சி பட்டன் மட்டும் போதாது. மெயின் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போடுங்க. ஹைட்ராலிக் டரட்டா இருந்தா பிரஷர் கேஜ் பூஜ்யம் வந்த பிறகுதான் கை வைக்கணும்.

பிளேட்டைச் சுத்தி முதல்ல துடைங்க. அழுக்கோட திறந்தா வெளியே இருக்கிற தூள் உள்ளே விழும். நாலு ஆலன் போல்ட்டையும் குறுக்கு வரிசையில கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க. பின்னாடி ஸ்பிரிங் தள்ளிட்டு இருக்கும், ஒரே பக்கம் கழட்டினா பிளேட் சாயும், ஸ்பிரிங் துள்ளி சிப் (வெட்டின உலோகச் சுருள்) ட்ரேல விழுந்தா தேடவே ஒரு மணி நேரம் ஆகும். வெளிய வர்ற வரிசையில துணி மேல அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

புஷ் தானா வரலைன்னா ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதீங்க. முகம் கீறிட்டா அப்புறம் எத்தனை ஓ-ரிங் மாத்தினாலும் கசியும். மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் ஊற விடுங்க, பிறகு உள்துளையில ஒரு மரக்குச்சியை இறுக்கிச் சொருகி, திருகிட்டே இழுங்க. தின்னர் மட்டும் வேண்டாம், நைட்ரைல் ரிங்கை ஊத வெச்சுடும்.

வெளிய வந்ததும் பார்க்க வேண்டியது:

டிஸ்க்கைத் தொடற முகம். டெல்ரின் பிளாஸ்டிக்கோ பித்தளையோ, வட்டமா வரி விழுந்திருக்கும். நகத்துக்குத் தட்டாத வரின்னா கிரானைட் பிளேட் மேல 600 எமரி, அப்புறம் 1000 எமரி வெச்சு, எட்டு போடற மாதிரி தேய்ச்சா போதும். நகம் மாட்டினா புது புஷ்.

ஓ-ரிங். அளவு எடுக்கணும்னா பழைய ரிங்கை வெர்னியரால பிடிக்காதீங்க, அது ஊதியிருக்கும். பள்ளத்தோட விட்டத்தையும் அகலத்தையும் அளந்து வாங்குங்க. நைட்ரைல் 70 ஷோர் போதும். விட்டான் ரப்பர் ஒசத்தின்னு வாங்கறாங்க, ஆனா கூலன்ட்ல அமீன் இருக்கும், சாதாரண விட்டானுக்கு அமீன் ஆகாது.

ஸ்பிரிங். ஒடிஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியும். துரு பிடிச்சுத் தளர்ந்திருந்தா தெரியாது, புதுசோட பக்கத்துல வெச்சு உயரம் பாருங்க. கையில கிடைச்ச வேற ஸ்பிரிங்கைப் போடாதீங்க. கடினமா இருந்தா ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் டிஸ்க் முகத்தைத் தேய்க்கும்.

ஹவுசிங் துளையைச் சுத்தம் பண்ண 3 மி.மீ. பித்தளைக் கம்பி, பாட்டில் பிரஷ். ட்ரில் பிட்டைக் கையில பிடிச்சுத் திருப்பாதீங்க, புஷ் உட்கார்ற போர் (உள்துளை) கீறும்.

திரும்ப மாட்டும்போது போர்லயும் ரிங்லயும் கொஞ்சம் கிரீஸ். புஷ்ஷை விரலால அழுத்தினா உள்ளே போகணும், விட்டதும் தானா வெளிய வரணும். இடையில எங்கயாவது தயங்கினா மறுபடி எடுங்க. அந்தத் தயக்கம்தான் ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி அடைப்பா வரும்.

அம்பத்தூர்_டூல்ரூம்

சரிங்க, பம்ப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அளவைப் பார்த்தா பம்ப்ல குறை இல்லைன்னு தெரியுது. ஆனா இவ்வளவு கழட்டறதுக்குப் பதிலா நாசில் வழியா கம்ப்ரஸர் காத்தை விட்டா கசடு பின்னால வந்துடாதா?

சர்வீஸ்_கொங்கு

டரட்டோட சேர்த்து விடாதீங்க. 6 பார் காத்து, கசடைத் தள்ளிட்டு முதல்ல கிடைக்கிற இடைவெளியில நுழையும். புஷ் டிஸ்க்கைத் தொடாம நிக்கிறபோது அந்த இடைவெளி டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்கு, அங்கதான் ஷாஃப்ட் சீல் இருக்கு. வார்ப்புத் தூள் சீல் உதட்டுல ஒட்டினா அது எமரி மாதிரி ஷாஃப்டை அரைக்கும்.

காத்து வேணும்னா கழட்டின பிளாக்குக்கும் நாசிலுக்கும் மட்டும். ரெகுலேட்டரை 2 பாருக்கு இறக்கி, நாசில் பக்கத்துல இருந்து பின்னோக்கி விடுங்க, வெளிய வர்ற பக்கம் துணி பொத்தி, கண்ணாடி போட்டுக்கிட்டு.

ஏற்கெனவே தண்ணி உள்ளே போயிருச்சான்னும் பாருங்க. டரட்டுக்கு ஆயில் சைட் கிளாஸ் இருந்தா எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு பாருங்க. வெளுத்திருந்தா இது கூலன்ட் வேலையோட முடியாது, சீல் மாத்தணும்.

நெட்டூர்_அப்ரன்டிஸ்

ஒரு சந்தேகம்ங்க. டிஸ்க்கை இறக்கித்தான் ஆகணும்ங்கிற டரட்டா இருந்தா என்ன பண்றது?

சர்வீஸ்_கொங்கு

இறக்கலாம், ஆனா திரும்ப ஏத்தறதுதான் வேலை. டிஸ்க்கோட நிலையை டேப்பர் பின் பிடிச்சிருக்கும். இறக்கறதுக்கு முன்னாடி டயல் கேஜை சக்ல கட்டி, ஒரு ஸ்டேஷனோட முகத்துல எக்ஸ் ஓட்டி என்ன காட்டுதுன்னு எழுதி வெச்சுக்குங்க. டூல் உட்கார்ற போர் ஸ்பிண்டில் மையத்தோட ஒத்து வருதான்னும் எழுதுங்க. இந்த "முன்னாடி" அளவு இல்லாம டிஸ்க்கை இறக்கினா, ஏத்தின பிறகு எது பழைய தப்பு எது புதுத் தப்புன்னு பிரிக்க முடியாது. டிஸ்க் கனம், ரெண்டு பேரும் தூக்கற பெல்ட்டும் வேணும். போல்ட் டார்க் (முடுக்கற அளவு) மேனுவல்ல இருக்கிறது, கை அளவு வேண்டாம். முதல்ல பின்னை ஏத்தி, போல்ட்டை லேசா முடுக்கி, டயல் பார்த்துட்டு அப்புறம்தான் முழு டார்க்.

பீளமேடு_டர்னிங்

எடுத்தாச்சு. பக்கவாட்டுல பிளேட் இருந்துச்சு, நாலு எம்6 போல்ட். புஷ் முழுசா உள்ளே போய் நின்னுருக்கு. அதைச் சுத்தி கறுப்புக் களிமண் மாதிரி, காய்ஞ்ச இடத்துல கல்லு மாதிரி. ஸ்பிரிங் ஒடியல. முகத்துல லேசான வரி, நகம் தட்டல. ஹவுசிங் துளையோட முக்காவாசி அடைஞ்சிருந்துச்சு. கூடவே வெள்ளையா ஜவ்வு மாதிரி ஒண்ணும், ஒரு துண்டு டெஃப்ளான் டேப்பும்.

டி3 பிளாக்கைக் கழட்டினா டிஸ்க் துளையில தண்ணி வருது. பிளாக்குக்குள்ளதான் அடைப்பு. கம்பி விட்டா பாதியில நிக்குது.

குறிச்சி_மெயின்டனன்ஸ்

டி3 பிளாக்ல பக்கவாட்டுல கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத ஸ்க்ரூ) எத்தனை இருக்கு பாருங்க. பிளாக்குக்குள்ள துளைகளைக் குறுக்கா போட்டு, வேண்டாத வாயை கிரப் ஸ்க்ரூவால மூடியிருப்பாங்க. யாராவது அதை ரொம்ப ஆழமா முடுக்கிட்டா குறுக்குத் துளையையே அடைச்சிடும். கம்பி பாதியில கெட்டியா, உலோகச் சத்தத்தோட நின்னா அது கிரப் ஸ்க்ரூ. மெத்துனு நின்னா கசடு. ஸ்க்ரூவை ரெண்டு மூணு சுத்து வெளிய எடுத்து, கம்பி போகுதான்னு பார்த்து, லாக்டைட் 242 (த்ரெட்டைப் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு வெச்சு அங்கயே நிறுத்துங்க.

போரிங் பார்ல இன்னொரு இடம் உண்டு. ஸ்லீவ் போட்டு சின்ன பார் மாட்டியிருந்தா ஸ்லீவோட துளை பிளாக் துளைக்கு நேரா இருக்கணும். அதோட, உள்துளை இருக்கிற பாருக்குப் பின்முனை மூடியிருக்கணும். இல்லைன்னா தண்ணி பின்னால ஓடிப் போயிடும், முன்னால ஒண்ணும் வராது.

டெஃப்ளான் டேப்பைப் பத்தி தனியாச் சொல்லணும். நாசில் த்ரெட்ல டேப் சுத்தும்போது முதல் ரெண்டு த்ரெட்டை விட்டுச் சுத்துங்க. முனையைத் தாண்டிச் சுத்தினா அந்த ஓரம் பிஞ்சு உள்ளே போகும், பந்து நாசிலோட துளையில போய்ப் படுத்துக்கும். இதை எந்த ஃபில்டரும் தடுக்காது, ஏன்னா இது ஃபில்டருக்கு அப்புறம் உள்ளே வர்ற குப்பை.

பந்து நாசிலையும் ஓரளவுக்கு மேல சாய்க்காதீங்க. பந்து திரும்பத் திரும்ப அதோட துளை சாக்கெட் சுவருக்குப் பின்னால மறையும். வெளிய இருந்து பார்த்தா அடைப்பு மாதிரியே தெரியும்.

கூலன்ட்_லேப்

கறுப்புக் களிமண் என்னன்னு எல்லாருக்கும் தெரியும், கிராஃபைட்டும் இரும்புத் தூளும். அந்த வெள்ளை ஜவ்வுதான் எனக்கு முக்கியம். என்ன தண்ணி கலக்கறீங்க? போர் தண்ணியா?

பீளமேடு_டர்னிங்

ஆமாங்க, போர் தண்ணிதான். தினம் 15 லிட்டர் போல ஊத்தறோம். டெஸ்ட் பண்ணினா கடினத்தன்மை 500 பிபிஎம் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) காட்டுது.

கூலன்ட்_லேப்

அப்ப அது சுண்ணாம்பு சோப்பு. தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் கூலன்ட்ல இருக்கிற சோப்பைப் பிடிச்சு, கரையாத ஜவ்வா ஆக்குது. போர் தண்ணியில துணி சோப்பு போட்டா வாளி ஓரத்துல திட்டு கட்டுதில்லையா, அதே வேதியியல். அந்த ஜவ்வு வார்ப்புத் தூளைப் பசை மாதிரி பிடிச்சு வைக்குது. வெறும் தூள் தண்ணியோட ஓடிரும், வெறும் ஜவ்வும் ஓரளவு ஓடிரும். ரெண்டும் சேர்ந்தாதான் கல்லாகுது.

கணக்கு பாருங்க. தண்ணி மட்டும்தான் ஆவியாகுது, உப்பு டேங்க்லயே தங்குது. 150 லிட்டர்ல 500 பிபிஎம்னா ஆரம்பத்துல 75 கிராம். தினம் 15 லிட்டர்னு 25 வேலை நாள்ல 375 லிட்டர் ஊத்தறீங்க, அதுல 187 கிராமுக்கு மேல சேருது. போனது முழுக்க ஆவின்னு வெச்சா மாசக் கடைசியில 1,750 பிபிஎம். பாகத்தோட ஒட்டிட்டுப் போறது கொஞ்சம் உண்டு, அதனால அவ்வளவு ஏறாது. ஆனா ஆயிரத்தைத் தாண்டறதுக்குத் தடை இல்லை. 400 தாண்டினாலே நிறைய எமல்ஷன் திணற ஆரம்பிக்கும்.

தீர்வு: முதல் கலவைக்குப் போர் தண்ணியை ஆர்ஓ தண்ணியோட கலந்து 150, 200 பிபிஎம் பக்கம் கொண்டு வாங்க. தினம் ஊத்தற கலவைக்கு ஆர்ஓ தண்ணி மட்டும். சிறுவாணித் தண்ணி மாதிரி ரொம்ப மென்மையான தண்ணியை முதல் கலவைக்கே போட்டா நுரை தள்ளும், அதான் ஆரம்பத்துல கொஞ்சம் கடினம் வேணும்னு சொல்றேன்.

தினம் ஊத்தறது வெறும் தண்ணியாவும் இருக்கக் கூடாது, 5 சதவீதமாவும் இருக்கக் கூடாது. 1 முதல் 2 சதவீதக் கலவை. ரிஃப்ராக்டோமீட்டர்ல காட்டற எண்ணை அப்படியே சதவீதம்னு எடுக்காதீங்க, டப்பாவோட டேட்டா ஷீட்ல ஒரு பெருக்கு எண் இருக்கும். அது 1.3ன்னா, மீட்டர் 4 காட்டும்போது உண்மையில 5.2. கலக்கும்போது தண்ணியில எண்ணெயை ஊத்துங்க. எண்ணெயில தண்ணியை ஊத்தினா தயிர் மாதிரி திரண்டுடும், அந்தத் திரளும் உங்க டரட்டுக்குத்தான் போகும்.

பிஎச் வாரம் ஒரு தடவை. 8.5க்கும் 9.5க்கும் நடுவுல இருக்கணும். கீழ இறங்கினா பாக்டீரியா பெருகுதுன்னு அர்த்தம், திங்கட்கிழமை காலையில வர்ற அழுகின முட்டை நாத்தமும் அதோட சேர்ந்ததுதான். அந்தப் பாசியும் வழவழன்னு துளைக்குள்ள படியும்.

இப்ப டேங்க்கைக் காலி பண்ணப் போறீங்கன்னா, கொட்டறதுக்கு முன்னாடி சிஸ்டம் கிளீனரை டப்பாவுல சொன்ன அளவுக்குப் பழைய கூலன்ட்லயே கலந்து, ஒரு ஷிஃப்ட் ஓட்டி, ஒவ்வொரு ஸ்டேஷன் வழியாவும் சுத்த விடுங்க. பிறகு கொட்டி, கசடை அள்ளி, நல்ல தண்ணியில ஒரு தடவை சுத்த விட்டுட்டுப் புதுசு போடுங்க. பாத்ரூம் ஆசிட் ஊத்தறதை சில பட்டறைல பார்க்கலாம். தயவுசெய்து வேண்டாம், வார்ப்பு படுகையும் லீனியர் கைடும் ஒரே ராத்திரியில துருப்பிடிக்கும். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில விடாதீங்க, கழிவு எடுக்கறவங்க கிட்டக் கொடுங்க.

ஓசூர்_புரோகிராமர்

புரோகிராம்லயும் ஒரு திருத்தம். டூல் மாத்தறதுக்கு முன்னாடி எம்09 இருக்கான்னு பாருங்க. கூலன்ட் ஓடிட்டே டரட் திரும்பினா, ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல தண்ணி டிஸ்க் முகத்துல பீய்ச்சும். அதுல இருக்கிற தூள் புஷ்ஷுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல மாட்டி வரி போடும். சில மெஷின் தானா நிறுத்தும், சிலது நிறுத்தாது. ஒரு வரி எம்09 எழுதறதுல சைக்கிள் டைம் பெருசா போகாது.

குறிச்சி_மெயின்டனன்ஸ்

டேங்க் விஷயம் நான் சொல்றேன், ஏன்னா டரட்ல நடந்தது டேங்க்ல ஆரம்பிச்சது.

பெரும்பாலான டேங்க்ல தடுப்புத் தகடு இருக்கும். சுத்தம் பண்ணும்போது எடுத்துட்டுத் திரும்ப வைக்காம விட்டுருப்பாங்க. அது கட்டாயம் வேணும். தண்ணி ரெண்டு அறை தாண்டி, வேகம் இறங்கி, மூணாவது அறையில இருக்கிற பம்ப்புக்குப் போகணும். வார்ப்பு ஓட்டறதால, தண்ணி டேங்க்குக்குத் திரும்புற வாய்க்கால்ல காந்தக் கம்பி நாலஞ்சு வைங்க, ஷிஃப்டுக்கு ஒரு தடவை துடைங்க. கசடு 25 மி.மீ. ஏறினா அள்ளிருங்க, 60 வரைக்கும் விடாதீங்க.

ஃபில்டர் எங்க வைக்கறதுன்னு அடிக்கடி தகராறு வரும். பம்ப்போட உறிஞ்சற பக்கம் நைஸ் வலை கட்டாதீங்க. அது அடைஞ்சதும் பம்ப் பட்டினி கிடந்து காத்தை இழுக்கும். உறிஞ்சற பக்கம் பெரிய ஓட்டைத் தகடு மட்டும். நைஸ் வலை பம்ப்புக்கு அப்புறம், டரட்டுக்கு முன்னாடி. ஒரு ஒய்-ஸ்ட்ரெய்னர் (ஒய் வடிவ வலை ஃபில்டர்), 60 மெஷ், அதாவது கால் மி.மீ. ஓட்டை. ரெண்டு பக்கமும் பால் வால்வ், வலைக்கு முன்னாடி ஒரு பிரஷர் கேஜ். வலை அடையும்போது கேஜ் ஏறும், நீங்க நாசிலைப் பார்க்க வேண்டியதே இல்லை. 100 மெஷ் போட்டா 0.15 மி.மீ., இன்னும் நல்லா பிடிக்கும், ஆனா வார்ப்புக்கு தினம் கழுவணும். கழுவ ஆள் இல்லைன்னா 60ஓட நிறுத்துங்க.

டி5 யு-ட்ரில் மட்டும் கூடுதல் கவனம் கேட்கும். மத்த டூலுக்குத் தண்ணி குறைஞ்சா இன்சர்ட் ஆயுள் குறையும், அவ்வளவுதான். யு-ட்ரில்ல தண்ணிதான் சிப்பை வெளிய தள்ளுது. குறைஞ்சா துளைக்குள்ள சிப் அடைஞ்சு இன்சர்ட் மட்டுமில்ல, ட்ரில் உடம்பே போகும். அதனால இது சரியாகற வரைக்கும் டி5 ஓட்டாதீங்க.

அம்பத்தூர்_டூல்ரூம்

வார்ப்பை உலர்வா ஓட்டினா இந்தத் தொல்லையே இல்லையே? டர்னிங்குக்குக் கோட்டட் கார்பைடு உலர்வாவே நல்லா ஓடும்.

குறிச்சி_மெயின்டனன்ஸ்

டி1க்கு அது சரிதான், தூள் உறிஞ்சற வசதி இருந்தா. இல்லைன்னா அதே தூள் பால் ஸ்க்ரூலயும் கைடு வழிலயும் போய் உட்காரும். யு-ட்ரில்லுக்கு உலர்வு ஆகாது. ஒரே பாகத்துல ரெண்டும் இருக்கிறதால இவருக்கு ஈர வழிதான் பொருந்தும்.

பீளமேடு_டர்னிங்

முடிச்சாச்சு. புஷ் முகம் எமரில தேய்ச்சு, ஓ-ரிங் மாத்தி, துளை பிரஷ் போட்டு மாட்டினோம். டி3 பிளாக்ல கிரப் ஸ்க்ரூதான், நீங்க சொன்ன மாதிரியே. கம்பி டக்குனு சத்தத்தோட நின்னுச்சு. ரெண்டரை சுத்து வெளிய எடுத்தோம். டேங்க் கழுவி, ஆர்ஓ கலந்து புதுசு போட்டாச்சு. ஒய்-ஸ்ட்ரெய்னர் 60 மெஷ். 10 வினாடிக்கு, நாசில் இல்லாம:

இன்லெட் ஓஸ் முனை 5.1
டி1 3.1
டி2 3.0
டி3 2.8
டி5 2.2
டி7 3.1

டிஸ்க்குக்குப் பின்னாடி வழியல. டரட் ஆயில் சைட் கிளாஸ் தெளிவா இருக்கு. டி5 மட்டும் ஏன் குறைவு?

ஓசூர்_புரோகிராமர்

டி5 பிளாக்ல ஹோல்டரோட உள்வழி சின்னது, கூட ட்ரில் மாட்டியே அளந்திருப்பீங்க. ட்ரில்லைக் கழட்டிட்டு ஒரு தடவை எடுங்க. மூணு லிட்டர் பக்கம் வந்தா குறை இல்லை. வரலைன்னா பிளாக்குக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல இருக்கிற ஓ-ரிங் மடங்கியிருக்கு.

பீளமேடு_டர்னிங்

ட்ரில் இல்லாம 3.0. சரி ஆச்சுங்க. பொங்கலுக்கு நாலு நாள் மெஷின் நிக்கும். அதுக்கு ஏதாவது பண்ணணுமா?

சர்வீஸ்_கொங்கு

பண்ணணும். துளைக்குள்ள நிக்கிற தூள் நாலு நாள்ல காய்ஞ்சு இறுகும். நிறுத்தற அன்னிக்குக் கடைசியில வலையைக் கழுவிட்டு, எல்லா 8 ஸ்டேஷனுக்கும் அந்த எம்டிஐ வரிகளை 20 வினாடி வீதம் ஓட்டிருங்க. டேங்க் மேல மிதக்கிற வழி எண்ணெயை (கைடு வழிக்குப் போடற எண்ணெய்) வழிச்சு எடுங்க. எண்ணெய்ப் படலம் மூடியிருந்தா காத்து போகாம அடியில பாக்டீரியா பெருகும். முடிஞ்சா அக்வேரியத்துக்குப் போடற சின்ன காத்து பம்ப் ஒண்ணை டேங்க்ல விட்டுட்டுப் போங்க.

காலி ஸ்டேஷன்களுக்கு பிளக் போட்டிருக்கீங்களா? டி2 காலின்னு சொன்னீங்க. திறந்த துளையில சிப் விழும், அந்த ஸ்டேஷன் சுத்தி வரும்போது சிப் பின்முகம் வரைக்கும் போய் புஷ் மேல உட்காரும்.

பீளமேடு_டர்னிங்

போடலைங்கண்ணா. டி2, டி4, டி6, டி8 நாலும் திறந்துதான் இருக்கு. இன்னிக்கு சாயந்தரமே த்ரெட் அளவு பார்த்து பிளக் வாங்கிப் போட்டுடறேன்.

குறிச்சி_மெயின்டனன்ஸ்

பிளக் த்ரெட்லயும் டேப்பை முனை வரைக்கும் சுத்தாதீங்க தம்பி. அந்த 10 வினாடி அளவுகளை எழுதி மெஷின் கதவு உள்பக்கம் ஒட்டி வைங்க. மாசம் ஒரு தடவை டி1, டி5 ரெண்டு மட்டும் எடுத்தா போதும். 2.5க்குக் கீழ டி1 இறங்கினா முதல்ல வலை, அப்புறம் புஷ்.